பெண் பார்க்க வந்தவர் தோற்றுக்கொண்டே இருந்தார்

மாநில ஷட்டில் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த நாளில், ஒரு அரையிறுதியில் ஸ்மாஷ் அடித்துக் கீழே இறங்கும்போது என் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. தசைநார் கிழிந்துவிட்டது, இனிப் போட்டிகள் வேண்டாம் என்றார் டாக்டர். ஹைதராபாத் காஞ்சன்பாக் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அப்பா, உட்கார்ந்து வருத்தப்படுகிற ஆள் இல்லை. கட்டுப் பிரித்ததும் என்னை அமீர்பேட்டில் ஜாவா வகுப்பில் சேர்த்துவிட்டார். விடியற்காலைப் பயிற்சிக்கு எழுந்து பழகியவள் என்பதால் காலை வகுப்புக்கு முதல் ஆளாகப் போய், முதல் ஆளாகத் தூங்கினேன். அப்படியும் வேலை கிடைத்தது. அந்த வருடங்களில் ஹைதராபாத்தில் தூங்கினவர்களுக்கும் வேலை கிடைத்தது.

உடனே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. கேசரியைத் தின்றபடி, "நானும் ஷட்டில் ஆடுவேனுங்க. ஆபீஸ்ல நான்தான் சாம்பியன்" என்றார். எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறந்தே வருடக்கணக்காகியிருந்தது.

"அப்ப ஒரு கேம் ஆடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா கையிலிருந்த காபி தளும்பியது.

குடியிருப்பின் ஷட்டில் அரங்கில் இரு குடும்பமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. முழங்காலுக்குப் பயந்து நான் நடுவிலேயே நின்றுகொண்டேன், ஓடியதெல்லாம் அவர்தான். வலையோரம் ஒன்று, கடைக்கோட்டில் ஒன்று, மறுபடி வலையோரம். அப்பா பக்கவாட்டில் வந்து, "ஏட்டி, ரெண்டு பாயிண்டாவது விட்டுக் குடேன்" என்று கிசுகிசுத்தார். விட்டுக்கொடுக்கத்தான் பார்த்தேன். மனசு சம்மதித்தது, மணிக்கட்டு சம்மதிக்கவில்லை. "நக்கோ மாரோ பேட்டி, பிச்சாரா மர் ஜாத்தா!" என்று அரங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எனக்குக் கும்பிடு போட்டார். அடிக்காதே, பாவம், செத்துவிடுவானாம்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். "நல்லா அடி கண்ணு! வீட்ல குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வைக்கமாட்டான்!"

ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் தோற்றவர், மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாமுங்களா?" என்றார். வந்தார். தோற்றார். ஞாயிறுதோறும் வந்து தோற்றார். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டவர்களிடம், "ஒரு கேம் ஜெயிச்சுட்டுச் சொல்றேன்" என்றார்.

"இப்படியே போச்சுன்னா இவளுக்கு நேரா அறுபதாம் கல்யாணந்தான்" என்றாள் அம்மா.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சோடாக் கடைக்கு ஓடிப்போய் ஐஸ் வாங்கிவந்து, துண்டில் சுற்றி முழங்காலில் வைத்தார்.

"நீங்க ஜெயிச்சதா வச்சுக்கலாம்" என்றேன்.

"இது செல்லாதுங்க. அதுவுமில்லாம, ஜெயிக்கமாட்டேன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"உங்க வீட்ல காபி குடுத்தப்ப உங்க மூஞ்சியப் பார்த்தேன். இங்க ஆடறப்பவும் பார்த்தேன். ரெண்டும் வேற வேற ஆளுங்க."

தசைநார் கிழிந்தபோதுகூட அழாதவள் அன்று பொட்டென்று அழுதுவிட்டேன். அரங்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்தார். "ஏளா, மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரு!" என்று தெருவெல்லாம் கேட்க அம்மாவைக் கூப்பிட்டபடி வீட்டுக்கு ஓடினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மா கோயம்புத்தூருக்குப் போன் போட்டு முகூர்த்தம் பேசிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு அதே அரங்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பெரியவர்களில் என்னிடம் முதலில் பணம் கட்டிச் சேர்ந்தவர், கோயம்புத்தூரிலிருந்து எங்களோடு இருக்க வந்த என் மாமியார். சர்வீஸ் போடுவார், ஓடமட்டும் மாட்டார்.