மிருணாளின் ஒற்றை நார்

புணேயில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் மிருணாள் தாம்ளே ஆறு வருஷமாக ஒரே பொருளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சர்க்கரைச் சங்கிலியும் செயற்கைப் பாலிமரும் இணைந்த தூள் அது. அதைக் கரைத்து நுண்துளைப் பையில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிட்டால், ஒட்டாத சர்க்கரை வெளியே போய்விடும், பாலிமர் உள்ளே நிற்கும். எடுத்து உலர்த்தினால் வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு முடியும். மிருணாளுக்கு இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கும், மறுபடி கரைப்பாள்.

வழிகாட்டி சப்னிஸ் சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜெர்மனி போகிறேன், அங்கே அளந்து பார்க்கத் தூள் கொடு, இந்த முறையும் தராவிட்டால் டாக்டர் பட்டத்தை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை அவள் கரைசலை நுண்ணோக்கியில் பார்த்தாள். வடிதாளின் நார் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. செல்லுலோஸைத் தின்னும் நொதி ஒன்று உண்டு. அது தாள் நாரைத் தின்னும், அவளுடைய சர்க்கரையைத் தொடாது. அதைப் பைக்குள் தாராளமாக ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்கவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பையே செல்லுலோஸில் செய்தது என்பது மட்டும் அத்தனை படித்த மூளைக்கு எட்டவில்லை.

காலையில் முதலில் வருகிறவர் எல்லார் வாளியிலும் தண்ணீர் மாற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதலில் வந்தவள் மிருணாள். கைப்பழக்கத்தில் வரிசையாகக் கொட்டினாள், தன் வாளியையும் சேர்த்து. புதுத் தண்ணீர் பிடித்த பிறகுதான் பார்த்தாள். பையின் இரு முனைகளையும் மூடியிருந்த கவ்விகள் இருந்தன. நடுவில் பை இல்லை.

பக்கத்து மேஜை ஸ்ரீரங் வந்தபோது அவள் கழுவுதொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க கரைசல் ஒரு குடுவையைக் கொட்டச் சொன்னீங்களே, நான் கொட்டல. காயவெச்சு வெச்சிருக்கேன்."

"அது குப்பைடா."

"குப்பைதான். ஆனா இருக்கு."

பழுப்பு நிறத் தூள். வெட்கத்தோடு சாரிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் வரைபடம் அனுப்பினார். எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்திருக்கிறது, ஆய்வேட்டை எழுத உட்கார் என்று கூடவே இரண்டு வரி. ஸ்ரீரங் கொண்டாடக் காரச் சுருளான பாகர்வடி ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். மிருணாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"பட்டம்தான் வரப்போகுதே, இப்ப எதுக்கு அழறீங்க?"

"அப்ப ரெண்டு வருஷம் முன்னாடியே முடிஞ்சிருச்சாடா?"

அவன் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.