நானூறு ஜோடிக் கால்களை அழிக்கச் சொன்னவன்

மாஸ்டரின் முகத்துக்கு நேரே "இதை அழிச்சிடலாம்" என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. அந்தத் துணிச்சல் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில், மாஸ்டரின் சொந்தப் பட்டறையில், மாஸ்டர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே.

மாஸ்டர் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் தோல் அறுக்கும் கத்தியைப் பிடித்தார். இன்றைக்கு ஒரு கால் குட்டை, பாதம் வளைந்தது, சர்க்கரையில் விரல் போனது என்று யார் வந்தாலும் அவர்களை நேராக நடக்க வைக்கும் பூட்ஸ் செய்ய அவரை விட்டால் ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களே சீட்டு எழுதி அவரிடம் அனுப்புகிறார்கள். சீட்டு இங்கிலீஷில் இருக்கும். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலைப் பார்ப்பார். அது போதும் அவருக்கு.

பூட்ஸின் உள் அட்டையைக் குடைய ஒரு மெஷின், அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர். நானூறு ஜோடிக் கால்களின் அளவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான். முன்பெல்லாம் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். உள்ளே ஏற்றி முடித்த அன்றே மூன்று மூட்டைக் காகிதத்தையும் பழைய பேப்பர்காரனிடம் தள்ளிவிட்டார். "கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்ற மனைவியிடம், "நான் முடிவெடுத்தா எடுத்ததுதான்" என்றார்.

அந்த வியாழக்கிழமை சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாக நின்றது. நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. பூட்ஸின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தார். பத்தாவது படித்தவர்.

"யு, இ, எஃப், ஐ... அந்த மாதிரி எதுவும் இல்லையாம். எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையாம்."

"உள்ளதானே இருக்கு? நேத்து சாயங்காலம்கூட ஓடிச்சே."

சர்வீஸ்காரன் வந்தான். மூடியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தான். "டிஸ்க் போயிடுச்சு பெரியவரே. ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம். அதுலயும் வரலைன்னா புதுசு வாங்கிடுங்க."

"உள்ள இருக்கிற அளவெல்லாம்?"

"அழிஞ்சிடும். மறுபடி எடுத்துக்கோங்க. கால்தானே, எங்க ஓடிடப் போகுது?"

மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்தக் கால்கள் ஓடாது, அதனால்தானே அவரிடம் வருகிறார்கள். தபால்கார அம்மாவுக்கு இடது கால் மூன்று விரற்கடை குட்டை. பழைய பூட்ஸின் அடி பிளந்து, வாசலைத் தாண்ட முடியாமல் வீட்டில் கிடக்கிறார். சனிக்கிழமைக்குள் புதிது போகாவிட்டால் திங்கட்கிழமை அவருடைய தெருக்களெல்லாம் வேறொருவருக்குப் போய்விடும். அளவு கொடுக்க அவர் எப்படி நடந்து வருவார்?

மாஸ்டர் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே மெல்லிய அதிர்வு.

"செத்தது துடிக்குமா தம்பி?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. இது கம்ப்யூட்டர்."

"டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவன் போன பிறகும் மாஸ்டர் தோல் மேஜைக்குத் திரும்பவில்லை. புரியாதாம். கையால் தொடாமல் வைத்தியம் பார்க்கிறவன் சொல்கிறான்.

மனைவி கீபோர்டில் எதையோ தட்ட, நீலமாக ஒரு பக்கம் வந்தது. "என்னங்க, இதுல தேதி தப்பா இருக்கு. பத்து வருஷம் பின்னாடி நிக்குது."

மாஸ்டர் நிமிர்ந்தார். பாதம் தாங்கும் எடையைப் பார்க்கிற அவருடைய தராசும் இப்படித்தான், காசு போல இருக்கும் பேட்டரி தீர்ந்தால் பூஜ்யத்தை மறந்துவிடும். "தேதியே மறந்துட்டானா? அப்ப மத்ததும் மறந்திருப்பான்."

பிளக்கைப் பிடுங்கினார், மூடியைக் கழற்றினார். உள்ளே பலகையின் மேல் அதே காசு பேட்டரி. தராசுக்கு வாங்கி வைத்திருந்த புதியதைப் போட்டார். மனைவி தேதியைத் திருத்தினார். ஆனாலும் அதே கறுப்புத் திரை, அதே வரி.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். நாலு வருஷத்துக்கு முன் புதுப் பெட்டி வாங்கி அதில் பழைய டிஸ்கை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"டிஸ்குக்கு ஒண்ணுமில்ல மாமா. அது பழைய முறையில எழும்புறது. பெட்டி புதுசு. யு, இ, எஃப், ஐன்னு புது முறையில எழும்புறதைத்தான் தேடும். பழசையும் பாருன்னு அன்னைக்கு நான்தான் மாத்தி வச்சேன். பேட்டரி தீர்ந்ததும் அதை மறந்துடுச்சு. அத்தைகிட்ட குடுங்க."

மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, 'பூட்' என்ற பக்கத்தில் பழைய முறைக்கான சி, எஸ், எம் என்ற வரியைத் தேடி, அணைந்து கிடந்ததை இயக்கி, சேமித்தார் மனைவி. பெட்டி ஒரு முறை அணைந்து எழுந்தது. திரையில் கால்கள். வலது, இடது, வலது, இடது. மாஸ்டர் தபால்கார அம்மாவின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திரும்ப வாங்கினார்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிக்கக் கூடாது. கடை பூட்டும்போது சுவர்ல இருக்கிற சுவிட்சையும் அணைக்கிறீங்களா?"

"தினமும். அணைக்காம பூட்டுறவன் முதலாளியா?"

"அதான் மாமா. கரண்ட் இருந்தா பேட்டரிக்கு வேலை குறைவு. ராத்திரி பூரா அது மட்டும் உழைச்சா, சீக்கிரம் தீர்ந்துடும்."

மாஸ்டர் போனை மனைவியிடம் கொடுத்தார். மனைவி சிரிப்பை அடக்க ஊசியில் நூல் கோத்தார்.

சனிக்கிழமை பிற்பகல் தபால்கார அம்மாவின் மகன் வந்து பூட்ஸை வாங்கிப் போனான். அவன் படியிறங்கும்போதே சர்வீஸ்காரன் புது டிஸ்கோடு வந்து நின்றான். மெஷின் ஓடுவதைப் பார்த்தான்.

"வந்துடுச்சா? உங்க அதிர்ஷ்டம் பெரியவரே."

"அதிர்ஷ்டமா? மூடியைத் திறந்து பாத்தோம் தம்பி. அது உங்களுக்குப் புரியாது."

அன்று மாலை கடை பூட்டும்போது மாஸ்டர் விளக்கை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார், குடையும் மெஷினை அணைத்தார். கம்ப்யூட்டரின் சுவர் சுவிட்சருகே கை போய் நின்றது. தோல் ஒட்டும் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, சுவிட்சைப் போட்டபடியே நிறுத்தி ஒட்டினார்.

"அணைக்கலையா?" என்றார் வாசலில் நின்ற மனைவி.

"மறந்துட்டேன்னு நினைச்சுடாத" என்றார் மாஸ்டர், பூட்டை இழுத்துப் பார்த்தபடி. "இது என் முடிவு."