எழுபத்தைந்து குதிரை போதும்

பள்ளி மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வெளியே கான்சாஸின் கோதுமைப் பயிர் காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில், மடியில் ஒரு விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, வெர்னா அன்ரூ கனவு கண்டுகொண்டிருந்தாள்.

வயது ஐம்பத்து மூன்று. அந்தப் பேருந்தை ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். பிரேக் போட்டதே தெரியாது. தூங்குகிற பிள்ளை தூங்கியபடியே வீட்டு வாசல் வரை போய்விடும். இப்படிப்பட்ட புண்ணியவதி கண்ட கனவு என்ன தெரியுமா? கால் மைல் தூரத்தைப் பதினான்கு நொடிக்குள் கடந்துவிட வேண்டும்.

கோடைச் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே பந்தயத் தடம் திறக்கும். கட்டணம் கட்டினால் யாரும் தங்கள் காரை விரட்டிப் பார்க்கலாம். வெர்னாவின் சாம்பல்நிற மஸ்டாங் கார் ஆறு கோடையாக விரட்டப்பட்டது. பதினான்கு புள்ளி இரண்டு. அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது.

பேருந்துப் பணிமனை மெக்கானிக் மெர்லுக்கு வேறு அபிப்பிராயம்.

"ஆயிரம் அடி தாண்டினதும் ரோட்டுல ஒட்டுப் போட்ட இடம் இருக்குல்ல, அங்க நீ ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலைத் தூக்குற."

"தூக்கல."

"தூக்குற, வெர்னா. கார் இருமுறது எனக்கே கேக்குது."

"பைபிள்மேல கை வச்சுச் சொல்லட்டா?"

"வேணாம் தாயே, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

காரில்தான் குறை என்று வெர்னா முடிவு செய்தாள். அதற்கு மருந்துதான் அந்த விலைப்பட்டியலில் இருந்தது: நைட்ரஸ் ஆக்ஸைடு. பல் பிடுங்கும்போது மருத்துவர் மூக்கில் வைக்கிறாரே, அதே வாயு. எஞ்சினுக்குக் கொடுத்தால், சில நொடிகளுக்கு அதற்குக் கூடுதல் மூச்சு கிடைத்து வேகம் ஏறும். குளிர்காலம் முழுக்க அவள் அந்தப் பக்கங்களையே புரட்டினாள். பனி பெய்யும், பிள்ளைகள் பள்ளிக்குள்ளே சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் சினமன் ரோலும் சாப்பிடுவார்கள், இவள் மட்டும் யாரும் இல்லாத ஒரு நீளமான தடத்தில் மிதந்துகொண்டிருப்பாள்.

மே மாதம் வெர்னாவும் மெர்லும் கார் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். மெர்ல் நேராகப் பெரிய பெட்டியில் கை வைத்தான். அது நூற்றைம்பது குதிரைசக்தி, வாயுவும் பெட்ரோலும் சேர்ந்து பாயும் ஈர வகை.

"இதான் கிட்டு. மத்ததெல்லாம் பொம்மை."

கடைக்கார அம்மாள் லொரேன் வெர்னாவைப் பார்த்தாள். "திங்கக்கிழமை வேலைக்கு எதுல போவே?"

"இதே கார்லதான்."

"அப்போ உலர் வகை எடு. எழுபத்தஞ்சு குதிரை. ஈர வகையில வாயு வராமப் போனா பெட்ரோல் மட்டும் பாஞ்சு எஞ்சின் திக்குமுக்காடிரும். இதுல வாயு வரலைன்னா ஒண்ணும் ஆகாது, உன் பழைய காராவே ஓடும்."

"எழுபத்தஞ்சா?" என்றான் மெர்ல். "கேக்குமேல கிரீம் அடிக்கிற டப்பாவுலயும் இதே வாயுதான். அதுலயே இதைவிட வேகம் வரும்!"

வெர்னா சிறிய பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டாள்.

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, தகிக்கும் மதியம். வாயு உருளை காரின் பின்பெட்டியில், அதை இயக்கும் விசை கைக்கெட்டும் இடத்தில். ஜன்னல் வழியே மெர்ல் கடைசியாக ஒருமுறை சொன்னான்: "பெடல் தரையைத் தொட்டாத்தான் வாயு வரும். நூல் அளவு தூக்கினாலும் நின்னுரும். கோடு தாண்டுற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இரு."

விசையைத் தட்டினாள், அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. தடத்தோரக் கம்பத்தில் பச்சை விளக்கு விழுந்தது. வெர்னா மிதித்தாள். சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. இருபக்கமும் கோதுமை பொன்னாக ஒழுகியது. அந்த ஒட்டு வந்தது. கால் தானாக மேலே வரப் பார்த்தது. தூக்கினால் வாயு நின்றுவிடுமே என்று பல்லைக் கடித்து அழுத்தினாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் போய்க்கொண்டே இருந்தது.

திரும்பி வரும் வழியில் நேரச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். பதின்மூன்று புள்ளி ஒன்பது ஆறு.

மெர்ல் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு ஓடி வந்தான். வெர்னா உருளையின் திருகை மூடுவதற்காகப் பின்பெட்டியைத் திறந்தாள். திருகினாள். அது அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள்.

"மெர்ல். இது மூடியேதான் இருக்கு. நான் திறக்கவே இல்ல."

மெர்ல் திருகைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், பெடலை மிதித்த அவள் காலைப் பார்த்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெர்னாவுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆறு கோடை ஒரு நல்ல காரைத் திட்டியிருக்கிறாள். தூங்குகிற பிள்ளைகள் குலுங்கிவிடாமல் ஒட்டைக் கண்டாலே தூக்கிப் பழகிய கால், காலியான காரிலும் அவர்களைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் வெட்கம் போய், தாங்க முடியாத சந்தோஷம் வந்தது.

"சரி, இப்பத் திறந்துவிடு," என்றான் மெர்ல், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நிஜமாவே பறக்கலாம்."

"இருக்கட்டும்," என்று வெர்னா பின்பெட்டியைச் சாத்தினாள். "இன்னும் ஒரு தடவை இப்படியே போயிட்டு வரேன்."

வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.