ஊதா பாட்டிலும் ஓர் அவசரக்காரனும்

போன வாரம் என் கையில் ஓர் அடி விழுந்தது. சும்மா தட்டல் இல்லை... பளீர் என்று, சத்தம் வருகிற மாதிரி. அடித்தவர் மலர்க்கொடி. என்னைவிட இருபது வயது சின்னவர். அந்த அடிக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஏன்?

அண்ணனூரில் எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் விரிசல். தொட்டியைக் காலி செய்து, காயவிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கீழிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்தார்கள். நானோ அசோசியேஷன் செயலாளர். படியில் இறங்கவே பயமாக இருந்தது.

மலர்க்கொடி ஃபைபர் வேலை செய்கிறவர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்தார். விரிசலின் மேல் கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, ரெசின் என்கிற தேன் மாதிரியான திரவத்தைப் பூசுவது அவர் வேலை. அது இறுகினால் கல். இறுக வைக்க இரண்டு சின்ன பாட்டில்கள். ஒன்றில் ஊதா நிறத்தில், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டர். மற்றதில் தண்ணீர் மாதிரி ஹார்டனர்.

முதலில் ரெசினில் கொஞ்சம் ஊதா. நன்றாகக் கலக்கு. பிறகு ஹார்டனர். மறுபடி கலக்கு. ரெசின் எடுக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் மக்குக்கும் இதே வரிசை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டையும் முன்கூட்டியே ஒரே கப்பில் கலந்து வைத்தால் நேரம் மிச்சம்தானே?

அவர் திரும்பி நின்று விரிப்பை வெட்டிக்கொண்டிருந்தார். நான் உதவி செய்கிற நினைப்பில் கப்பில் ஊதாவை ஊற்றினேன். ஹார்டனர் பாட்டிலைத் திறந்து சாய்த்தேன்...

பளீர்!

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா சார் பண்றீங்க? ரெண்டும் நேரா சேந்தா குப்புனு பத்திக்கும் சார்! உங்க மூஞ்சியும் போயிருக்கும், என் மூஞ்சியும் போயிருக்கும்!"

தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கப்பைத் தனியாக ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "அதே ரெண்டும்தானே ரெசின்லயும் சேருது? அங்க ஏன் பத்திக்கல?"

"அங்க ரெசின் எம்மாம் கீது, இது எத்தினி சொட்டு கீது? ஊதாவ மொதல்ல கலக்கிட்டா எல்லா எடத்துலயும் பரவிக்கும். அப்பால இத்த ஊத்துனா அங்கங்க கொஞ்சங் கொஞ்சமா வேலை செய்யும். நேரா சேத்தா மொத்தமும் ஒரே நேரத்துல செய்யும்."

எத்தனை தெளிவு! ஹார்டனரை உடைத்து வேலை வாங்குவதுதான் ஊதாவின் வேலை. உடையும்போது சூடு வரும். சூடு வந்தால் இன்னும் வேகமாக உடையும். இன்னும் சூடு... அப்புறம் யார் நிறுத்துவது?

அதை அன்றைக்கே கண்ணாலும் பார்த்தேன். என் கேள்விகளில், இரண்டும் கலந்த அரை மக்கு ரெசின் பூசப்படாமல் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் மக்கு கொதித்து, புகைந்து, டப்பென்று வெடிப்பு விட்டது. அதே கலவை சுவரில் மெல்லிசாகப் பூசிய இடத்தில் வெதுவெதுப்போடு சரி. மெல்லிசாக இருந்தால் சூடு காற்றில் போய்விடுகிறது. குவியலாக இருந்தால் போக வழியில்லை.

"அதான் வெயில் காலத்துல மக்க ஐஸ் தண்ணில வெச்சிக்குவேன். ஹார்டனரும் கம்மியா போடுவேன். மார்கழில இறுகுறதே ஆமை மாரி போவும்" என்றார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிய தோல்.

"மொத வேலைக்குப் போன பட்டறைல. 'சீக்கிரம், சீக்கிரம்'னாரு சூப்பர்வைசர். பக்கத்துல இருந்த பொண்ணு ரெண்டையும் ஒண்ணா ஊத்திடிச்சி. அவளுக்கு ஒரு கண்ணு போச்சு. 'சீக்கிரம்'னு சொன்னவரு ஆபீஸ் ரூம்ல இருந்தாரு சார்."

அன்று காலையிலிருந்து அவரிடம் அந்த வார்த்தையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்?

வேலை முடிந்த மூன்றாம் நாள் தொட்டியில் தண்ணீர் விட்டோம். மலர்க்கொடி வந்து வெளிச்சுவர் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கீழ் வீடுகளில் குழாய் திறக்கும் சத்தமும், "வந்துடுச்சு!" என்ற குரலும் கேட்டன.

"அன்னிக்கு நடந்ததுக்கு சாரிம்மா" என்றேன்.

"சாரில்லாம் வோணாம் சார். யாரு வேலை செஞ்சாலும் பக்கத்துல நின்னுகினு அவசரப்படுத்தாதீங்க. அது போதும்."

அன்றிலிருந்து நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை — வாய்விட்டு.