உச்சிக்கு வைத்த நேர்த்தி

கொக்குவிலில் நான் போகும் சலூனில், வெட்டி முடிந்ததும் தலைக்குப் பின்னால் சிறு கண்ணாடி பிடித்துக் காட்டுவார்கள். அன்று காட்டவில்லை. நானே கேட்டுப் பார்த்தேன். உச்சியில் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெளித்திருந்தது. வயது முப்பத்திரண்டு. அடுத்த நாளே வைத்தியரிடம் போனேன்.

தோல் வைத்தியர் ஒரு பெண். உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, அண்ட்ரோஜெனிக் அலோபீசியா (ஆண் ஓமோனின் தாக்கத்தால் மயிர் மெலிந்துகொண்டே போகும் பரம்பரை நிலை) என்றார். என் தலையில் இவ்வளவு நடந்தும் எனக்குத் தெரியாமல் போனது எப்படி? பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்டு விழுங்குற குளிசை, மற்றது பூசுற மருந்து. குளிசையாலை சிலருக்கு ஆசை குறையலாம். கனபேருக்கு ஒண்டும் வராது. எதையெண்டாலும் விட்டால் திரும்பக் கொட்டும். வீட்டிலை கதைச்சிட்டு வாங்கோ."

மனைவி கௌசி சிரித்தாள். "உங்கடை தலைமயிரைப் பாத்தே நான் கட்டினனான்?"

ஆனால் நாங்கள் குழந்தைக்காகக் காத்திருந்தோம். குளிசை இப்போது வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தோம். இது எங்கள் கணக்கு. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். மினொக்சிடில் (உச்சந்தலையில் பூசும் திரவ மருந்து) வாங்கினேன்.

முதல் வாரங்களில் முன்னையைவிட மோசமாகக் கொட்டியது. தலையணையைப் பார்த்துவிட்டு, போத்தலை எறியலாமா என்றுகூட நினைத்தேன். பழைய மயிர் புதியதற்கு இடம் விடுகிறது, பொறுங்கள் என்றார் வைத்தியர். சில மாதங்களில் உச்சியில் பூனைமயிர் எழும்பியது. பிறகு அது கறுத்தது. நாளுக்கு நாலு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "முருகன் கைவிடேல்லை. தலைமயிர் திரும்பி வந்தால் சந்நிதிக் கோயிலிலை மொட்டை அடிக்கிறதெண்டு நேர்த்தி வைச்சனான்."

"ஆற்றை தலையை அம்மா?"

"உன்ரை தலையைத்தான். பின்னை என்ரையையே?"

எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொன்றாகக் காத்து வளர்த்ததை ஒரு காலையில் வழித்தெடுப்பதா? மாட்டேன் என்றால் அம்மாவுக்கு நித்திரை வராது. வைத்தியரிடம் ஓடினேன். அவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"சவரக்கத்தி வேர்வரைக்கும் போகாது. பயப்பிடாமல் அடியுங்கோ. கீறல் காயுமட்டும் மருந்தைப் பூசாதேங்கோ."

கடலோரத்துச் சந்நிதியில் குனிந்து உட்கார்ந்தேன். மயிர் மடியில் விழுந்தது. எழுந்தபோது கடற்காற்று தலை முழுவதும் பட்டது. இத்தனை மாதமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்து முடிந்திருந்தது. பக்கத்தில் நின்ற மொட்டைத் தலைக்காரர் ஒருவர் சந்தனத்தை என் பக்கம் நீட்டினார். பூசிக்கொண்டேன். நன்றாகக் குளிர்ந்தது.

"மருந்தை இனியும் பூசப்போறியளோ?" என்று கௌசி வழியில் கேட்டாள்.

"ஓம். என்ன செய்யுதெண்டு பாப்பம்."

சொல்லும்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குரலில் பழைய பதற்றம் இல்லை.

சில நாள் கழித்து, தேநீர் தரவந்த கௌசி போகிற போக்கில் என் தலையைத் தடவிவிட்டு நின்றாள். "இஞ்சருங்கோ, உச்சியிலையும் மயிர் குத்துது."

நான் உடனே கையை வைத்துப் பார்க்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன்.