ட்ரெயின் பிளக் பூஜைத் தட்டில் இருந்த நாள்

1. சிக்னல் இல்லாத இடம்

பெங்களூரில் படகுக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ஹெப்பகோடியில் ஃபைபர் படகு செய்யும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் அதையேதான் கேட்டேன். அதுவரை ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவன். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த வெள்ளமெல்லாம் மழைக்காலத்தில் தெருவில் ஓடுவதுதான்.

ஓனர் நாகராஜ் சார் என்னை உள்ளே கூட்டிப்போனார். ரெசின் வாடை கண்ணைக் கரித்தது. கூரை ஷீட்டின் இடுக்கு வழியாக வெயில் இறங்கி, ஸ்டாண்டில் நின்ற வெள்ளைப் படகுகள் மேல் அசைந்துகொண்டிருந்தது. தண்ணீரே இல்லாமல் அவை மிதப்பதுபோல எனக்குப் பட்டது. நான் கொஞ்சம் கனவு காணும் ஆள். வீட்டிலும் அந்தப் பெயர் உண்டு.

"நோடி, பாருங்க ஜெரால்ட், நம்மகிட்ட படகு வாங்குறவங்க யாரும் மீன் பிடிக்கப் போறதில்ல. வாரம் பூரா ட்ராஃபிக்ல நிக்கிறாங்க. ஞாயித்துக்கெழம சிக்னல் இல்லாத எடம் ஒண்ணு வேணும். அவ்ளோதான்" என்றார் நாகராஜ் சார்.

முதலில் எஞ்சின் பொருத்தினேன். பிறகு ஹேண்ட்ஓவர் வேலை வந்தது. படகை வாங்கியவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது கூடவே போய்வர வேண்டும். ஷெட்டில் இதைவிட நல்ல வேலை கிடையாது. நடுத்தண்ணீரில் எஞ்சினை ஆஃப் செய்ததும் ஒரு அமைதி வரும். காதில் இத்தனை வருஷமாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். புதிதாக வாங்கியவர் அந்த நொடியில் பேச்சை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி கரையைப் பார்ப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நான் ரிட்டயர் ஆகும்வரை அங்கே இருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

2. பிரேக் எங்கே

முதல் படகு வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், ஸ்பீக்கர் எங்கே மாட்டலாம், எத்தனை பேர் உட்காரலாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் "பிரேக் எங்கே?" என்பார்கள். படகுக்கு பிரேக் கிடையாது என்று சொன்னதும் முகம் மாறும். எனக்கு அந்த இடம் பிடிக்கும். அதற்கு மேல் சொல்வதைக் கொஞ்சமாவது கேட்பார்கள்.

ரகு பதினாறு அடிப் படகு வாங்கினார். வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை. அவருடைய அப்பா மாநில அரசில் இன்ஜினியராக இருந்தவராம். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார் ரகு. ஹேண்ட்ஓவர் அன்று நான் சொன்னதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார். எடுத்ததால் கேட்டாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். "சக்கத்தா இருக்கு அங்கிள், சூப்பர்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

கேட்டது அவர் மனைவி வித்யா. நீச்சல் தெரியாதவர். படகே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துத் தோற்றவர். நான்கடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் வழக்கம்போல் சொல்லிக்கொண்டே போனேன். ஏறுவதற்கு முன்பே லைஃப் ஜாக்கெட். மூன்று கிளிப்பும், குழந்தையாக இருந்தால் தொடைப்பட்டையும். ஓட்டுபவர் கையில் கில் ஸ்விட்ச்சின் சிவப்புக் கயிறு இருக்க வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிற்றின் மறுமுனைக் கிளிப் எஞ்சினிலிருந்து கழன்று எஞ்சின் நிற்கும், கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் ஸ்டார்ட் ஆகாது. ஓடும் படகில் எழுந்து நிற்கக் கூடாது. தண்ணீர் இறைக்க ஒரு வாளி. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"உள்ள தண்ணி வந்துட்டா?" என்று கேட்டார் வித்யா.

"ஒண்ணும் ஆகாது மேடம்" என்றேன். பயந்தவர்களுக்கு நான் வைத்திருந்த மருந்து அந்த ஒரே வார்த்தைதான்.

ட்ரெயின் பிளக்கைப் பற்றி நான் சொல்லவில்லை. படகின் பின்பலகையில், அடியில் ஒரு ஓட்டை இருக்கும். படகு ட்ரெய்லரில் நிற்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்கான வழி அது. அதை மூடும் கட்டைவிரல் அளவு பித்தளைத் திருகுதான் பிளக். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை என்று எனக்குள் ஒரு நினைப்பு. கஸ்டமருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

3. பதினோராவது மாடி

ஆயுத பூஜைக்குப் படகைக் கழுவித் தரச் சொல்லி ரகு என்னைக் கூப்பிட்டார். அவர்கள் அபார்ட்மென்ட்டில் படகு நின்றது பேஸ்மென்ட்டில், விசிட்டர் பார்க்கிங்கில். அசோசியேஷனில் அதற்கே இரண்டு மீட்டிங் நடந்ததாம். பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று செக்யூரிட்டி வந்து சொல்லிவிட்டுப் போனார். ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்பக்கம் சாமந்தி மாலை, எஞ்சினுக்குச் சந்தனம். ஷெட்டில் வருஷா வருஷம் செய்ததுதான். எனக்குச் சிலுவை போட்டுக்கொண்டு கற்பூரத்தைத் தொட்டுக்கொள்வதில் சிரமம் இருந்ததில்லை.

கழுவிய தண்ணீர் வடிய பிளக்கைக் கழற்றியிருந்தேன். கையோடு அதைப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது.

வித்யா மேடம் தட்டோடு வந்தார். "அங்கிள், ரகு லேப்டாப், பொண்ணு மினு புக்கு எல்லாம் மேல சாமி ரூம்ல வச்சாச்சு. படகு லிஃப்ட்ல வராது. அதுலேர்ந்து சின்னதா ஏதாச்சும் குடுங்களேன், தட்டுல வைக்கணும்."

அவர் படகுக்காக ஆசையாகக் கேட்ட முதல் விஷயம் அது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிளக்கைக் கொடுத்தேன். அது என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோராவது மாடிக்கு அது பூவோடு போனது.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் முதல் இறக்கம் என்று விடியுமுன்பே கிளம்பினோம். மறுபூஜையைத் திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்று தட்டை அப்படியே வைத்துவிட்டார்கள். பாதுகாப்புச் சாமான் எல்லாம் வண்டியில் ஏறியது. பிளக் குங்குமப் பொட்டோடு சாமி ரூமிலேயே இருந்தது.

4. எஞ்சின் நின்ற பிறகு

அணையின் நீர்த்தேக்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மேல் பனி படிந்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளுப்பு. ஒரு நீர்க்காகம் மட்டும் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இறக்குவதற்கு முன் குனிந்து பின்பலகையைப் பார்ப்பது என் முதல் வேலை. அன்று பார்க்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளக்கைத் தேய்த்த ஞாபகம் இருந்தது. மாட்டிய ஞாபகமும் தானாக வந்து கூடச் சேர்ந்துகொண்டது.

ரகு ஓட்டினார். பிளக் இல்லாத படகு வேகமாகப் போகும்போது ஏமாற்றும். ஓட்டத்தில் அந்த ஓட்டை வழியாக உள்தண்ணீர் வெளியே போய்விடும். நின்றால்தான் உள்ளே வரும். எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. பனிக்குள் வழுக்கிக்கொண்டே போனோம். நடுவில் வந்ததும் ரகு சிவப்புக் கயிற்றை இழுத்து எஞ்சினை நிறுத்தினார்.

அந்த அமைதி வந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதிலேயே அழகான அமைதி அது. வெயில் பனிக்குள் மெல்ல மஞ்சளாகக் கரைந்தது. ரகு வாயைத் திறந்தபடி பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மகள் ஒன்பது வயது மினு, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்த பிள்ளை, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைத்து முன்பக்கம் சுருண்டு படுத்தாள். நான் பார்த்தேன். தூங்கட்டும் பாவம் என்று விட்டுவிட்டேன். பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கியவன் நான்.

"அங்கிள், பின்பக்கம் எறங்கியிருக்கு" என்றார் வித்யா.

"எஞ்சின் வெயிட்டு அங்கதான மேடம். நீங்களும் பின்னாடி உக்காந்திருக்கீங்க. ஒண்ணும் ஆகாது."

கொஞ்ச நேரம் போனது. எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"வெளிய ஒரு நீலக் கோடு போட்டிருக்கீங்கள்ல? ஏறும்போது தண்ணிக்கு மேல இருந்துச்சு. இப்ப காணோம்."

"வித்யா, அஞ்சு நிமிஷம் நிம்மதியா இருக்க விடேன்" என்றார் ரகு. நான் லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

வித்யா அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. பின்னால் தரையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். முழங்கை வரை நனைந்த கையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் தரையில் விழுந்து படுத்துக் கையை உள்ளே விட்டேன். தண்ணீர் பாய்ந்து வருவது விரலில் பட்டது. ஓட்டை வெறுமையாக இருந்தது.

"பிளக் இல்ல" என்றேன்.

"எந்தப் பிளக்?" என்று கேட்டார். கேட்கும்போதே வித்யாவுக்குப் புரிந்துவிட்டது. "தட்டுல வச்சதா?"

அவர் துப்பட்டாவை உருவிக் கொடுத்தார். முறுக்கி ஓட்டையில் திணித்தேன். வெளித்தண்ணீர் அதைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளியது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால்தான் நின்றது. கையை எடுக்க முடியாததால் நான் படுத்த இடத்திலேயே கிடந்தேன். தரைப்பலகைக்கு மேல் தண்ணீர் ஏறி என் காதை நனைத்தது.

ரகு சாவியைத் திருகினார். எஞ்சின் எடுக்கவில்லை. மறுபடி திருகினார். நான் வாயைத் திறப்பதற்குள் வித்யா சொன்னார்.

"ரகு, அந்தச் செவப்புக் கிளிப்ப மாட்டு. அது இல்லாம ஸ்டார்ட் ஆகாது. அங்கிள் சொன்னாரு."

சொல்லிக்கொண்டே மினுவை எழுப்பி ஜாக்கெட்டைப் போட்டுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக் கிளிப்பை மாட்டினார். தொடைப்பட்டையை இழுத்துப் பார்த்தார். "முன்னாடியே உக்காரு கண்ணா, எழுந்துக்காத" என்றார். பிறகு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார். அழுதுகொண்டேதான் இறைத்தார். ஆனால் கை நிற்கவில்லை.

எஞ்சின் எடுத்தது. கனத்துப்போன படகு எருமை எழுவதுபோல மெதுவாக நகர்ந்தது. "பக்கத்துக் கரை எதுவோ அங்க போங்க, ஏறின எடம் வேணாம்" என்று கத்தினேன். பனி விலகி ஒரு சேற்றுக் கரை தெரிந்தது. மூக்கு சேற்றில் ஏறி நின்றபோது பின்பக்கம் விளிம்பு வரை தண்ணீரில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நடுவில் ரசித்துக்கொண்டிருந்தால் நான்கு பேரும் தண்ணீரில். அதில் ஒரு குழந்தை ஜாக்கெட் இல்லாமல், தூக்கத்தில்.

5. கரையில்

யாரும் என்னைத் திட்டவில்லை. ரகு சேற்றில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வித்யா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்தார்.

"நீங்க சொன்னது எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன் அங்கிள். பயம். படுத்தா அதான் மண்டைல ஓடும். அந்தப் பிளக்க மட்டும் நீங்க சொல்லவே இல்ல."

"தப்பு என்னோடதும்மா" என்றேன். அதுவரை அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"அதுகூடப் பரவால்ல. மறந்துட்டீங்க. ரெண்டு தடவ சொன்னேன், ரெண்டு தடவயும் என்னை ஏதோ பயந்தாங்கொள்ளின்னு விட்டுட்டீங்க. அதான் தாங்கல."



6. புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு

பிளக்கை ஒவ்வொரு தடவையும் உங்கள் கையாலேயே மாட்டுங்கள். மாட்டியதாக ஞாபகம் இருந்தாலும் குனிந்து பாருங்கள். நடுத்தண்ணீரில் எஞ்சினை நிறுத்தினால் முதலில் பின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் வானத்தைப் பாருங்கள். வீட்டில் பூஜைக்கு ஏதாவது வைக்க வேண்டுமென்றால் சாவியை வையுங்கள். சாவியை மறந்தால் படகு கிளம்பாது. பிளக்கை மறந்தால் கிளம்பிவிடும்.

ரகு படகை விற்கவில்லை. இப்போது வித்யா சரி என்றால்தான் எஞ்சின் ஆஃப் ஆகுமாம். நானும் அதற்குப் பிறகு ஹேண்ட்ஓவரை வேறு மாதிரி தொடங்கினேன். ஸ்டீரிங்கைக் காட்டுவதற்கு முன், "உங்கள்ல யாருக்குத் தண்ணின்னா பயம்?" என்று கேட்பேன். கை தூக்குகிறவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எல்லாவற்றையும் அவரைப் பார்த்தே சொல்வேன். படகு வாங்கியவரிடம், இவர் போதும் என்றால் படகு கரைக்குத் திரும்ப வேண்டும் என்பேன்.

ரிட்டயர் ஆவதற்கு முன் என் கடைசி ஹேண்ட்ஓவருக்கு நான்கு நண்பர்கள் வந்தார்கள். சேர்ந்து ஒரு படகு வாங்கியிருந்தார்கள். நல்ல பையன்கள், ஒரே சிரிப்பு. வழக்கம்போலக் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, கை தூக்கவில்லை.

"யாருக்கும் பயமில்லையா?"

"இல்ல அங்கிள்."

நான் என் கையைத் தூக்கினேன். அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை இறக்கவில்லை.