டாக்டரம்மா தனியாகப் பார்த்த ஊசித்தட்டான்

உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த நேரத்தில் மருந்துக்கடை பாஸ்கர் போன் செய்தான். வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும். "இன்னாடா இப்போ?" என்றுதான் எடுத்தேன். "அண்ணே, டாக்டரம்மா போயிட்டாங்கண்ணே. காலையில நெஞ்சு வலின்னு பாண்டிச்சேரிக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க, வழியிலேயே…" என்றான். வாரிய உப்பை எங்கே குவிப்பது என்று கேட்டு ஆட்கள் என்னைப் பார்த்தபடி நின்றார்கள்.

மரக்காணம் வட்டாரத்தில் மாடு வளர்க்கிற எவருக்கும் கால்நடை மருத்துவர் மங்கையர்க்கரசியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை அறிந்தவர்கள் குறைவு. அவற்றைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று பாஸ்கர் சொல்லிவிட்டான். தனக்கு எழுத வராதாம். எனக்கு மட்டும் வருகிறதா?

அவரை நான் முதலில் பார்த்தது பிரம்மதேசம் போகிற வழியிலுள்ள குளத்தின் கரையில். சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கோரைப் புற்களுக்கு நடுவே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். தோடோ மூக்குத்தியோ விழுந்துவிட்டது என்று நினைத்து வண்டியை நிறுத்தி நானும் இறங்கிக் குனிந்தேன். "இன்னாங்க தொலைஞ்சிச்சு?" என்று கேட்டேன். "எதுவும் தொலையலீங்க. ஆடாம நில்லுங்க, உங்க முட்டிகிட்டயே ஒண்ணு உக்காந்திருக்குது" என்றார். தீக்குச்சியை விட மெல்லியதாக ஒரு பூச்சி என் முழங்காலுக்கு அருகே இருந்தது. உடம்பு கருப்பு, வால் நுனியில் மட்டும் ஒரு பொட்டு நீலம். பிறந்ததிலிருந்து அந்தக் குளத்தைத் தாண்டிப் போய்வருகிறவன் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் வித்தியாசத்தை அவர் சொல்கிற விதமே தனி. "உக்காரும்போது றெக்கைய விரிச்சி வெச்சா தட்டான். முதுகு மேல மடிச்சி வெச்சா ஊசித்தட்டான். விதிவிலக்கும் இருக்குது, அது உங்களுக்கு இப்போ வேணாம்." ஊசி போடுகிறவருக்கு ஊசித்தட்டான் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை என்று நான் கிண்டல் செய்ததும் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பாஸ்கரும் வந்து சேர்ந்தான். என்ன பார்த்தோம், எந்தப் பக்கம், ஆணா பெண்ணா என்று எழுதிவைப்பது எங்கள் வேலையாயிற்று. முடிந்ததும் சாலையோரக் கடையில் இட்லி.

எனக்கும் அவருக்கும் சண்டை வராத நாள் குறைவு. கோடையில் ஒரு மழை வந்தால் போதும், பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து என் வயிறு எரியும். அதே மழையில் குளம் கொஞ்சம் ஏறும். அவர் முகம் மலர்ந்துவிடும். ஒருமுறை நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது போன் செய்து, "உப்புக்காரரே, குளத்துல தண்ணி பார்த்தீங்களா? சூப்பரா இருக்குது!" என்றார். பட்டென்று வைத்துவிட்டேன். மாலையில் ஒரு பொட்டலம் சூடான பஜ்ஜியோடு அளத்துக்கே வந்து, "உங்க உப்புக்கு நான் வருத்தப்படறேங்க. ஆனா குளத்துக்குச் சந்தோஷப்படாம இருக்க முடியல" என்றார். அவரால் ஒரு பொய் வருத்தம்கூடப் பட முடியாது. பஜ்ஜி நன்றாக இருந்தது.

எங்கள் குழுவுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். ஒரு பெயரைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால் தெளிவான படம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் குறைந்தது இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பதில்லை. தனி ஆள் பார்த்தது கணக்கில் வராது. இதில் முதலில் மாட்டியவன் நான். இதுவரை யாரும் பார்க்காத சிவப்பு ஊசித்தட்டான் ஒன்றைப் படம் பிடித்துவிட்டேன் என்று ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி ஊருக்கே கொடுத்தேன். டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது புதுசு இல்லீங்க. போன வாரம் பச்சையா பார்த்தோமில்ல, அதே சாதிதான். பொண்ணு சின்ன வயசுல செவப்பா இருக்கும், வயசானா பச்சையாயிடும்" என்றார். பாஸ்கர் விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டரம்மா மட்டும் இன்னொரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு, "பேரு தப்பாப் போனா இன்னா, இது நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அந்தச் சட்டம் கடைசியில் அவரையே பிடித்துக்கொண்டது.

ஒரு வாரநாளில் பிரம்மதேசத்தில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே திரும்பிவிட, அதை வெகுநேரம் போராடி வெளியே எடுத்திருக்கிறார். திரும்பும் வழியில் கை கழுவலாம் என்று குளத்தில் இறங்கியபோது கோரை மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது. இளம்பச்சை நெஞ்சு. வாலின் அடியும் நுனியும் செம்மஞ்சள், நடுவில் கருப்பு. எங்கள் குளத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. வெளியூர்ப் படங்களில் பார்த்து அவர் ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தது அதைத்தான். போனில் சார்ஜ் இல்லை. அக்கம்பக்கத்தில் ஆளும் இல்லை. "கத்திக் கூப்பிட்டேங்க. ஒரு ஆடு மட்டும்தான் திரும்பிப் பார்த்துச்சு" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அதைச் சொல்லும்போது சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

எழுதிவிடலாம் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். "உப்புக்காரர் பார்த்திருந்தா எழுதியிருப்போமா?" என்று கேட்டார். மாட்டோம் என்றேன். "அப்புறம் எனக்கு மட்டும் இன்னா சலுகை? நாளைக்கு இந்தப் பட்டியலைப் பார்க்கறவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. நான் பார்த்தது ஒண்ணு. உங்கள்ல யாராச்சும் பார்த்தா ரெண்டு. அப்போ எழுதுங்க" என்று முடித்துவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோரை மூலைக்குத்தான் முதலில் போவார். நாங்களும் பின்னாலேயே போவோம். மழை வந்தது, குளம் நிரம்பியது, வற்றியது, மறுபடி நிரம்பியது. அது மட்டும் வரவில்லை. ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "உப்புக்காரரே, நெஜமாவே பார்த்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. அன்னிக்கு ரொம்ப அசந்து போயிருந்தேன்" என்றார். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்ன மனுஷி. "நீங்க பார்த்தீங்க. நான் நம்பறேன்" என்றேன். "நம்பறது வேறங்க, பார்க்கறது வேற" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். பாஸ்கர்தான் ஆரம்பித்தான். "அண்ணே, அந்தச் செவப்பு வாலு ஊசித்தட்டானை அவங்க பேர்ல ஏத்திடலாம்ணே. அவங்களுக்கு நாம வேற இன்னா செய்யப் போறோம்?" கூட இருந்த நண்பர்களும் அதுதான் சரி என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் டீ கையில் சிந்திவிட்டது. "உயிரோட இருந்தப்போ வேணாம்னு சொன்னதை, செத்தப்புறம் அவங்க தலையில கட்டுவியாடா? எழுந்து வந்து ஊசி போட்டுடுவாங்க!" என்று கத்தினேன். பாஸ்கர் அழுதுவிட்டான். நானும்தான். மங்கையர்க்கரசி பார்த்ததாகச் சொன்னால் அவர் பார்த்ததுதான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சந்தேகம் இல்லாததாலேயே அதை எழுதிவிட முடியாது என்று கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். கோரை மூலையில், அவர் உட்காரும் கல்லை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்காருகிறேன். மஞ்சள் தட்டான் வருகிறது, நீலப் பொட்டு வருகிறது, ஊரைக் கூட்டி ஜாங்கிரி கொடுக்கவைத்த அந்தச் சிவப்புப் பெண்ணும் வருகிறாள். போன வாரம் மழை பெய்தது. அளத்தில் உப்பு கரைந்துகொண்டிருக்க, நான் குளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஓடினேன். என் வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பைத்தியம்தான்.

டாக்டரம்மாவைத் தெரிந்தவர்களே, உங்கள் மாட்டையோ ஆட்டையோ அவர் ஒருமுறையாவது காப்பாற்றியிருந்தால், ஒரு ஞாயிறு காலை அந்தக் குளத்துக்கு வாருங்கள். போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். இளம்பச்சை நெஞ்சும் செம்மஞ்சள் வாலுமாக ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் உடனே என்னிடம் சொல்லுங்கள். பட்டியலில் அன்றைக்கே ஏற்றிவிடலாம். பார்த்தவர்கள் என்கிற இடத்தில் முதலில் அவர் பெயர், அடுத்தது உங்கள் பெயர்.